பிள்ளைகளின் ரெகே நடனத்துக்குப் பாட்டு தேடிய அனுபவம்

எங்கள் குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு ஆறேழு வயதுப் பிள்ளைகளை ரெகே என்ற ஜமைக்கா இசைக்கு ஆடப் பழக்கினேன். ஒத்திகையில் நல்ல பாட்டு முடிந்ததும், அதே இசையில் தானாக ஓடிய அடுத்த பாட்டில் முழுக்கப் படுக்கையறைப் பேச்சு. பதறிப்போய் நிறுத்தினேன்.

பாட்டுச் செயலியில், ஆபாச வரிகள் உண்டு என்று எச்சரிக்கும் 'ஈ' (E) குறியுள்ள பாட்டுகளை மறைத்தேன். பயனில்லை, ஜமைக்காவின் பேச்சுமொழியான பாட்வாவில் உள்ள கொச்சை வரிகள் குறியில்லாமலே நுழைந்தன. 'கிட்ஸ்' என்று தேடினால் ரெகேயின் துள்ளலே இல்லை. மூன்று நாள் போயிற்று.

'ரிடிம்' என்ற சொல்லில்தான் பிடி கிடைத்தது. ஜமைக்காவில் ஒரே பின்னணி இசைமீது பல பாடகர்கள் வெவ்வேறு வரிகள் பாடுவார்கள்; அந்தப் பின்னணி இசைதான் ரிடிம். 1960களின் இறுதியிலிருந்தே அங்கே இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய 'வெர்ஷன்' வரும். ரிடிம் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினேன், வந்துவிட்டது! முழுக்கக் கேட்டுவிட்டு, ஆட்டோபிளேயை அணைத்தேன். வரிகளும் வேண்டுமென்றால் ரெகே பாடகர் ஜிகி மார்லி 2009இல் குழந்தைகளுக்கென்றே வெளியிட்ட 'ஃபேமிலி டைம்' தொகுப்பு இருக்கிறது.

இன்னொன்று: ரெகேயின் 'ஒன்-டிராப்' என்ற நான்கு தட்டுத் தாளத்தில் முதல் தட்டு காலி, டிரம் மூன்றாவதில் விழும். 'ஒன்று' என்றதும் கால் வைத்த பிள்ளைகள் தடுமாறினார்கள். மூன்றில் வைக்கச் சொன்னேன், சேர்ந்து ஆடினார்கள்.