ஜாவாவில் மெமரி ஏறிக்கொண்டே போனால்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்த ஜாவா புரோகிராம், திங்கட்கிழமை ஸ்டார்ட் செய்தால் வெள்ளிக்கிழமை ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று படுத்துவிடும். சனிக்கிழமை சம்பளம் போடும் ஊர் இது. “ஏனுங்க, உங்க சாப்ட்வேர் மறுபடியும் படுத்துக்கிச்சுங்க” என்று சூப்பர்வைசர் போன் போடுவார்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: கண்ட இடத்தில் ‘சிஸ்டம் டாட் ஜிசி’ (ஜிசி என்பது கார்பேஜ் கலெக்‌ஷன், அதாவது தேவையற்ற ஆப்ஜெக்ட்டுகளை நீக்கி மெமரியை விடுவிப்பது; அதைச் செய்வது கலெக்டர்), வேலை முடிந்த வேரியபிளுக்கெல்லாம் ‘நல்’. ஒன்றும் பலிக்கவில்லை. அந்த ஜிசி அழைப்பு வெறும் வேண்டுகோள்தான். ஓடும் திரெட்டின் லோக்கல் வேரியபிள், ஸ்டாட்டிக் ஃபீல்டு போன்ற வேர்களிலிருந்து ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு வழி இருக்கும்வரை அதை கலெக்டர் தொடாது. வழி அறுந்துவிட்டால், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆப்ஜெக்ட்டுகளும் சேர்ந்தே போய்விடும்.

முதலில் ஜிசி லாகைப் பாருங்கள். மெமரி ஏறி இறங்குவது சகஜம். ஃபுல் ஜிசி (மெமரி முழுவதையும் அலசும் சுத்தம்) முடிந்த பிறகும் மிஞ்சும் அளவு நாளுக்கு நாள் கூடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் ‘ஜேமேப்’ கமாண்டை (எந்த கிளாஸில் எத்தனை ஆப்ஜெக்ட் என்ற ஹிஸ்டோகிராம் தரும்) ஹிஸ்டோ, லைவ் ஆப்ஷன்களோடு ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை போட்டு, எந்த கிளாஸின் எண்ணிக்கை கூடுகிறது என்று பாருங்கள். இது ஃபுல் ஜிசியை ஓடவைத்து புரோகிராமைக் கொஞ்சம் நிறுத்தும். நான் டீ டைமில் போட்டேன். எனக்குக் கூடிக்கொண்டே போனது கட்டிங் பண்டில், அதாவது வெட்டிய துணிக் கட்டைக் குறிக்கும் கிளாஸ்.

அடுத்து ஹீப் டம்ப், அதாவது மெமரியில் உள்ள ஆப்ஜெக்ட்டுகளை ஒரு ஃபைலாக எடுப்பது. டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஹீப் டம்பை அலசும் டூலான எக்லிப்ஸ் மேட்டில் அதைத் திறந்து, ஒரு பண்டிலைப் பிடித்து வேர் வரை போனேன். வேரில் நான் வைத்த ஸ்டாட்டிக் ஹாஷ்மேப்! பண்டில் நம்பரைக் கீயாகவும் பண்டிலை வேல்யூவாகவும் உள்ளே வைக்கத் தெரிந்த எனக்கு வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

சோம்பேறித்தனமாக, வேறு யாரும் பிடிக்காத கீயைத் தானே விட்டுவிடும் வீக்ஹாஷ்மேப்புக்கு மாற்றிப் பார்த்தேன். அதில் கீயை மட்டும்தான் தளர்வாகப் பிடிக்கும், வேல்யூவை இறுக்கமாகவே பிடிக்கும். என் பண்டிலுக்குள்ளேயே அந்த நம்பர் ஆப்ஜெக்ட் இருந்ததால் எதுவும் நகரவில்லை. கடைசியில் பண்டில் பேக்கிங்குக்குப் போனதும் ‘ரிமூவ்’ என்று ஒரே வரி எழுதினேன்.

ஃபைல், கனெக்‌ஷன் மூட ‘ஃபைனலைஸ்’ (ஆப்ஜெக்ட்டை நீக்கும் முன் அழைக்கப்படும் மெத்தட்) வேண்டாம். ஜாவா 18-லேயே நீக்கப்படப்போவதாகக் குறித்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் டிரை-வித்-ரிசோர்சஸ் போதும்.

மறு வாரம் திரும்ப ஹிஸ்டோகிராம் எடுத்தேன். லைனில் எத்தனை பண்டில் கிடக்கிறது என்று சூப்பர்வைசரை எண்ணச் சொன்னேன். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது.