போன் மறைத்த மச்சம்: என் அனுபவம்

வேலை விண்ணப்பத்துக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. ஹட்டன் டவுனுக்கு இறங்காமல் வீட்டிலேயே போனில் செல்ஃபியாக எடுக்கப் பார்த்ததில் மூன்று நாள் போய்விட்டது. எடுத்த படமெல்லாம் மூக்கு அகலமாக, யாரோ போல இருந்தது.

லென்ஸைத் துடைத்தேன். பனிமூட்டம் விலகியதும் மதிய வெளிச்சத்தில் எடுத்தேன். வேறு கெமரா ஆப் போட்டேன், முகம் இன்னும் வெளுத்ததுதான் மிச்சம்.

தங்கச்சிதான் படத்தைப் பெரிதாக்கி, "அக்கா, உங்க மச்சம் எங்க?" என்றாள். இடது கன்னத்தில் மச்சத்தையே காணோம்! முகத்தை மழமழவென்று ஆக்கும் 'பியூட்டி' அளவை ஏற்கனவே பூச்சியத்தில் வைத்திருந்தேனே? அது சாதாரணப் படத்துக்கு மட்டுமாம். நான் எடுத்ததோ பின்னணியை மங்கலாக்கும் 'போர்ட்ரெய்ட்' முறையில். அதற்கு வேறு அளவு, அது பாதிக்கு மேல் ஏறியிருந்தது. குறைத்ததும் மச்சம் வந்தது, ஆனால் வலது கன்னத்தில் இருப்பது போல. செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவது போலவே சேமிக்கும் 'மிரர்' என்பதை செட்டிங்ஸில் அணைத்தேன். இப்போது முகம் லேசாகக் கோணலாகப் பட்டது. "இதுதான் நாங்க பார்க்கிற நீங்க" என்றாள் தங்கச்சி. சரிதான், இடம் வலம் மாறிய கண்ணாடி முகம்தான் எனக்குப் பழக்கம்.

மிச்சம் மூக்கு. அதற்குக் காரணம் தூரம். 12 அங்குலத்தில் எடுத்தால், 5 அடியில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். போனை மாவு டின்னில் சாய்த்து, பின் கெமராவில் 10 செக்கன் டைமர் வைத்து, 5 அடி தள்ளி நின்றேன்.

மச்சத்தோடு விழுந்த அந்தப் படத்தைத்தான் விண்ணப்பத்தில் ஒட்டினேன். பெரிய நிம்மதி.