கொரியாவில் 69 சதவீதம்: இரைப்பைப் புற்றுநோய்க் கணக்கை எப்படிப் படிக்கக் கூடாது

பெங்களூர் அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று ராத்திரி, அவர் மகள் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல் ஒன்றைக் காட்டினாள். ஐந்தாண்டு பிழைத்திருப்போர்: தென் கொரியா 69 சதவீதம், ஜப்பான் 60, பெரும்பாலான நாடுகள் 20க்கும் 40க்கும் நடுவே. "அப்பாவை அங்க கூட்டிட்டுப் போனா பிழைச்சிடுவாரா மாமா?"

எண்கள் பொய்யில்லை. 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்டவர்களைப் பற்றி 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, பல நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளை ஒப்பிட்ட கான்கார்ட்-3 ஆய்வின் கணக்கு அது. அதை டாக்டர்களின் திறமைக்குப் போட்ட மார்க்காகப் படிப்பதுதான் தவறு. கொரியாவில் 40 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசே இரைப்பைப் பரிசோதனை செய்கிறது. பெரும்பாலும் கட்டி இரைப்பையின் உள்சவ்வை ஒட்டி இருக்கும்போதே பிடிபடுகிறது. பலருக்கு வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே எடுத்துவிடலாம். நாமோ 'கேஸ் டிரபிள்' என்று மாத்திரை போட்டு மாதங்களை ஓட்டுகிறோம். எடை குறைந்து, சாப்பாடு இறங்காமல் போன பிறகுதான் ஸ்கோப். ஒரே ஸ்டேஜில், அதாவது நோய் ஒரே அளவு பரவிய நிலையில் உள்ளவர்களை ஒப்பிட்டால்தான் சிகிச்சையின் தரத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதே இல்லை. ஐந்தாண்டுக் கணக்கு, நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓடுகிறது. இரண்டு பேர் 60 வயதில் இறக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 53இல் தெரிந்தது, மற்றவருக்கு 58இல். முதலாமவர் 'பிழைத்தவர்' பட்டியலில், இரண்டாமவர் அதில் இல்லை. ஆயுள் ஒன்றுதான்! இதற்காக முன்கூட்டிய பரிசோதனை வீண் என்று சொல்லிவிடாதீர்கள். அது நிஜமாகவே உயிர் காக்கிறது. 69இல் எவ்வளவு பங்கு அதனால் என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, அவ்வளவுதான். பெயர் வைப்பதிலும் வித்தியாசம் உண்டு. ஜப்பானிய நோயியல் நிபுணர்கள் ஆரம்பப் புற்றுநோய் என்று எழுதும் சிலவற்றை, ஆழமாக ஊடுருவாதவரை மேற்கத்திய நிபுணர்கள் புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றே எழுதி வந்திருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். பெங்களூரின் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு நகரவாசிகளுக்கானது. கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கே வந்து ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்கள் ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் வருவார்கள். பிறகு என்ன ஆனார்கள் என்பது பல நேரம் பதிவாவதில்லை. மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் இந்த நோய் பெங்களூரைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு நகரத்தின் எண்ணை 'இந்தியா' என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

பிழைத்திருப்போர் சதவீதம் ஏறினால் சாவு குறைந்தது என்றும், சாவு குறைந்தால் அது சிகிச்சையால்தான் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டில் இந்த நோயால் இறப்பது வெகுவாகக் குறைந்தது. சிகிச்சையைவிட, நோய் வருவதே குறைந்தது முக்கியக் காரணம்: ஃபிரிட்ஜ் வந்தது, உப்பில் ஊறிய உணவு குறைந்தது, இரைப்பையில் தங்கி இந்தப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமித் தொற்றும் குறைந்தது.

அந்தப் பெண்ணிடம் பட்டியலை மூடிவைக்கச் சொன்னேன். எந்த ஸ்டேஜ், நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா, ஆபரேஷனுக்கு முன்பே கீமோ வேண்டுமா என்று மூன்று கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் காலை அப்பாவோடு கிளம்பினாள்.