போபியாவிலிருந்து மீள முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய் நிற்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறவரிடமும், பத்தாவது மாடிக்குக்கூடப் படியேறியே போகிறவரிடமும் 'இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா?' என்று கேட்பதால் எந்தப் பயனும் இல்லை. தங்கள் பயம் அளவுக்கு மீறியது என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் உடல் கேட்பதில்லை. ஒரு பொருளையோ சூழலையோ பற்றிய கடும் அச்சம் பொதுவாக 6 மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் குலைக்கும்போது மருத்துவர்கள் அதைப் போபியா என்கிறார்கள். மனநலக் கோளாறுகளில் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுபவற்றில் இதுவும் ஒன்று. இருந்தும் பலர் ஆண்டுக்கணக்கில் அதனுடனேயே வாழ்வதற்கு, பயம் எதைத் தின்று வளர்கிறது என்பதை அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லாததே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பயத்துக்கு இரை, தப்பித்தல்தான். நாயைக் கண்டு திரும்பி நடந்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவுகிறதல்லவா, அந்த நிம்மதி மூளைக்குக் கிடைக்கும் பரிசு. 'விலகியதால்தான் பிழைத்தேன்' என்ற தவறான பாடத்தை அது ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகப் படித்துக்கொள்கிறது. விலகாமல் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. வீட்டில் உள்ளவர்களும் அன்பினாலேயே இந்தத் தவறுக்குத் துணைபோகிறார்கள். கரப்பான்பூச்சி இருக்கிறதா என்று அறையை முன்கூட்டியே சோதித்துத் தருவது உதவிபோலத் தோன்றினாலும், அது பயத்தின் வேலையை நாமே செய்து கொடுப்பதாகும்.

இதற்கு நேர் எதிரான தவறு, பயப்படுபவரை எதிர்பாராத நேரத்தில் பயத்துக்குள் தள்ளிவிடுவது. நாய்க்குட்டியைத் திடீரென்று மடியில் போட்டால் அவர் அலறி எழுந்து ஓடுவார். பயம் உச்சத்தில் இருக்கும்போதே ஓடியதால் அது மேலும் கெட்டிப்படும், போட்டவர்மீது இருந்த நம்பிக்கையும் போய்விடும். 1924-இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்கு அளித்த சிகிச்சையை வெளியிட்டார். சிறுவன் விருப்பமான உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கூண்டிலிருந்த முயல் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவரப்பட்டது. இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிப்பதற்குக்கூட அவன் இடம் கொடுத்தான். இன்றைய சிகிச்சையும் இதே வழியில்தான் செல்கிறது. பயம் தரும் சூழல்களை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு, ஏணிப்படிகளைப்போல் வரிசைப்படுத்தி, கீழிருந்து ஏறச் சொல்கிறார்கள். வேகமாக ஏறுவது தவறென்று இதற்குப் பொருளில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கிய முறையில், அதிகபட்சம் 3 மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் குறிப்பிட்ட ஒரு பயத்தைக் கையாள்கிறார்கள். ஆனால் அங்கும் ஒவ்வொரு படியும் முன்னதாகச் சொல்லப்பட்டு, நோயாளியின் சம்மதத்துடனேயே எடுக்கப்படுகிறது.

இனிச் சொல்லப்போவது, உண்மையாகவே முயல்கிறவர்களும் தம்மை அறியாமல் செய்யும் தவறு. லிஃப்டைக் கண்டு அஞ்சும் ஒருவர் துணிந்து அதில் ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கையில் கைபேசியை இறுகப் பற்றியிருக்கிறார். மற்றக் கையின் கட்டைவிரல் கதவு திறக்கும் பொத்தானை விட்டு அகலவில்லை. வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே மாடி எண்கள் மாறுவதைக் கண்கொட்டாமல் பார்க்கிறார். பத்தாவது மாடியில் பத்திரமாக இறங்கியும் விடுகிறார். ஆனால் அவர் கற்றுக்கொண்டது 'லிஃப்ட் ஆபத்தில்லாதது' என்பதையல்ல, 'கைபேசியும் பொத்தானும் இருந்ததால் தப்பினேன்' என்பதைத்தான். உடல் உள்ளே நின்றாலும் மனம் தப்பித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நூறு முறை ஏறியும் பயம் குறையவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இத்தகைய ஊன்றுகோல்களையே. தொடக்கத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாக வேண்டும். ஏறுவதற்கு முன் 'நடுவில் நின்றுவிடும், மூச்சு முட்டிவிடும்' என்று தாம் அஞ்சுவதை ஒரு தாளில் எழுதிவைத்து, இறங்கிய பின் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் பயன் தருகிறது. படபடப்பு முழுதும் அடங்கிய பிறகே ஏறுவேன் என்று காத்திருப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். படபடப்போடு ஏறுவதுதான் பயிற்சி.

இரத்தம், ஊசி, காயம் பற்றிய பயம் மட்டும் தனி ரகம். மற்றப் பயங்களில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுகின்றன. இதிலோ பலருக்கு அவை முதலில் ஏறிப் பின் சட்டென்று இறங்கி, மயக்கம் வந்துவிடுகிறது. ஆகவே 'உடம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்' என்ற வழக்கமான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது, மயக்கத்தை விரைவுபடுத்தவும் கூடும். 1980-களில் ஓஸ்டும் அவருடைய குழுவினரும் வகுத்த பயிற்சி இதற்கு நேர்மாறானது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடிகள், முகத்தில் சூடு பரவும் வரை இறுக்கிப் பிடித்து, பின் இயல்பு நிலைக்கு விட்டு, 20 முதல் 30 விநாடிகள் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளலாம். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

மாத்திரையை மட்டும் நம்புவதும் மீட்சியைத் தள்ளிப்போடும். பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் அந்த நேரத்துப் பதற்றத்தைத் தணிக்குமே தவிரப் பயத்தை வேரிலிருந்து எடுப்பதில்லை. அடிமைப்படுத்தும் ஆபத்தும் அவற்றுக்கு உண்டு. ஏற்கனவே தொடர்ந்து எடுத்துவருபவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மது குடித்துவிட்டு விமானம் ஏறுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருமுறை வென்றதும் பயிற்சியைக் கைவிடுவது பிற்பாடு வரும் தவறு. சிகிச்சை பழைய பயத்தை அழிப்பதில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்றை எழுதுகிறது. அந்தப் பாடமும் கற்ற இடத்தோடும் சூழலோடும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நண்பர் வீட்டுச் சாதுவான நாயைத் தடவப் பழகியவர், தெருவில் குரைக்கும் பெரிய நாயின் முன் மீண்டும் நடுங்கலாம். அதனால்தான் வெவ்வேறு நாய்கள், வெவ்வேறு இடங்கள், உடன் ஒருவர் இருக்கும் நேரம், தனியாக இருக்கும் நேரம் என்று மாற்றி மாற்றிப் பழக வேண்டியிருக்கிறது. சில மாத இடைவெளிக்குப் பின் பயம் திரும்பினால் சிகிச்சை தோற்றுவிட்டதென்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்போது ஏணியில் இரண்டு படி கீழே இறங்கி, அதே வாரத்தில் மறுபடியும் தொடங்கினால் போதும். முதல்முறை ஏறியதைவிடப் பெரும்பாலும் விரைவாகவே ஏறிவிட முடிகிறது.