பக்கி காருக்கு ஃபைபர் மட்கார்டு: பழையதில் அச்செடுத்துப் புதியது செய்வது

நாகப்பட்டினத்தில் ஃபைபர் போட் பழுது பார்ப்பது என் தொழில். கார் பாடிக்கும் அதே மேட் (கண்ணாடி இழைப் பாய்), அதே ரெசின்தான் (இறுகிக் கெட்டியாகும் பாலியெஸ்டர் பிசின்). 1964-இல் கலிஃபோர்னியாவில் வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை வைத்து, மணலில் ஓட்டும் மேயர்ஸ் மேங்ஸ் பக்கியை உருவாக்கிய புரூஸ் மேயர்ஸும் போட் வேலையில் கை பழகியவர்தான். ரோட்டில் ஓட்டப் போகும் வண்டி என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது.

அச்சு சரியாக வந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய மட்கார்டில் இருக்கும் கீறல், பள்ளம் எல்லாம் அச்சில் அப்படியே ஏறும். ஆகவே பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் 400-ஆம் நம்பரில் தொடங்கி 1000 தாண்டித் தேயுங்கள். அச்சு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாக்ஸ் ஐந்தாறு பூச்சு வேண்டும், ஒவ்வொன்றும் காய்ந்தபின் துடைத்துப் பளபளப்பாக்கி. அதன் மேல் பி.வி.ஏ. படலம், அதாவது தடவிக் காயவிட்டால் தண்ணீரில் கரையும் தோலாக நிற்கும் திரவம். விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தால் ஒரே அச்சாக எடுக்காதீர்கள், கழன்று வராது. இரண்டு துண்டாக எடுத்து போல்ட் போட்டுச் சேருங்கள். இடது மட்கார்டின் அச்சில் வலது வராது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய மட்கார்டின் மேலேயே மேட்டும் ரெசினும் போட்டு, அச்சை மட்கார்டைப் போல் இரண்டு மூன்று மடங்கு தடிமனாகக் கட்டி, பழையதைக் கழற்றுவதற்கு முன்பே முதுகில் மரச்சட்டம் ஒட்டிவிட்டால் கோணாது.

இனி ரெசின். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும், இறுகவைக்கும் ஹார்ட்னரையும் எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, ஊற்றும் நேரத்தில் மட்டும் ஹார்ட்னர். கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். நம் ஊர் வெயிலுக்கு 10 பக்கமே நில்லுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம், டப்பாவிலேயே சூடேறிப் புகையும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. காற்றோட்டமான கொட்டகை வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது.

அச்சில் முதலில் பூசும் வெளிப்பூச்சு ரெசின்தான் ஜெல் கோட், அரை மில்லிமீட்டர் கனம். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் மேட் போடலாம். அவசரப்பட்டால் மேலே வரும் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் அதை அரித்து, மேற்பரப்பு முழுக்கச் சுருக்கம் விழும். அதற்குத் தேய்த்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

முதல் அடுக்கு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட், பிறகு 450 கிராமில் இரண்டு. மொத்தம் மூன்று மில்லிமீட்டர் அளவில் வரும். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அச்சில் முதலில் ரெசின் தடவி, மேட்டை வைத்து, மேலும் ரெசின் குத்தி, இழை இளகச் சற்றுப் பொறுத்து இரும்பு ரோலர் ஓட்டுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று. கூர்மையான மூலைகளில் மேட் படியாது. அங்கே முன்கூட்டியே நறுக்கிய இழை கலந்த கெட்டி ரெசினால் வளைவாக்கிவிடுங்கள். மேட்டின் எடையைப் போல் இரண்டு, அதிகம் போனால் இரண்டரை மடங்கு ரெசின் போதும். வலு கண்ணாடி இழையில்தான் இருக்கிறது. கூடுதலாக ஊற்றும் ரெசின் எடையைத்தான் ஏற்றும், வெடிப்பும் அங்கேதான் விழும். எபாக்சி என்ற வேறு வகை ரெசினில் இந்தச் சாதாரண மேட் சேராது. இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் அது கிடையாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் மேட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் சரியாகப் பிடிக்காது.

இறுகியும் இறுகாமலும் தோல் மாதிரி இருக்கும்போதே ஓரத்தைக் கத்தியால் அறுத்துவிடுங்கள். அப்புறம் கிரைண்டர்தான், தூசிதான். கிரைண்டர் எடுத்தால் மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். மறுநாள் மர ஆப்பு செருகி, இடுக்கில் தண்ணீர் விட்டால் பி.வி.ஏ. கரைந்து மட்கார்டு கழன்று வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பெயிண்டுக்கு முன் வாக்ஸைச் சுத்தமாகத் துடைத்து, மேற்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள்.

போல்ட் வரும் இடங்களில் மேட் போடும்போதே இரண்டு அடுக்கு கூடுதலாகக் கொடுங்கள். துளையை ஜெல் கோட் பக்கமிருந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, அழுத்தாமல் போடுங்கள். பெரிய வாஷரும் ரப்பரும் வைத்து, ரப்பர் லேசாக நசுங்கும் அளவுக்கு மட்டும் நட்டை முறுக்குங்கள்.