ஏ.டி.வி. இன்ஜின் சூடேறினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சேற்றிலும் மணலிலும் ஓட்டும் நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டியில் சிவப்பு வெப்பநிலை விளக்கு எரிந்தவுடன், வாட்டர் பம்ப் போய்விட்டது, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையிலுள்ள சீல்) போய்விட்டது என்று முடிவுகட்டி இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்துவிடுபவர்கள் பலர். அப்படிக் கொடுப்பதற்கு முன், வீட்டிலேயே ஒரு தோட்டக் குழாயையும் சில எளிய கருவிகளையும் கொண்டு பார்த்துவிடக்கூடியவை நிறைய இருக்கின்றன. இங்கே சொல்வது ரேடியேட்டரும் கூலண்டும் உள்ள வண்டிகளுக்கானது. சிறுவர்களுக்கான 110 சிசி வண்டிகள் பெரும்பாலும் காற்றால் குளிர்பவை. அவற்றில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையே அப்பிய சேற்றைக் கழுவி, ஆயில் அளவைச் சரிபார்ப்பதே முதல் வேலை.

விளக்கு எரிந்தவுடன் வண்டியை நிழலில் நிறுத்தி நியூட்ரலுக்கு மாற்றுங்கள். ஃபேன் ஓடுகிறது, ஆவியோ ஒழுக்கோ இல்லை என்றால் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். வெப்பம் இறங்காவிட்டாலும், ஃபேன் ஓடாவிட்டாலும் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கூலண்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த திரவம் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி ஏறக்குறைய 1.1 பார் அழுத்தத்தை உள்ளே தக்கவைப்பதால்தான் அது 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, உள்ளே இருக்கும் திரவம் அந்தக் கணமே கொதித்து முகத்தை நோக்கிப் பீறிடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்து நசுக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை, அது ஒரு மணி நேரமானாலும், காத்திருங்கள்.

காத்திருக்கும்போது ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: வண்டி எப்போது சூடேறியது? மெதுவாகப் போகும்போது சூடேறி, வேகமெடுத்தால் தணிகிறது என்றால் ஃபேன் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பையோ கூலண்ட் குறைவையோ தேட வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடேறினால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), உள்ளே சிக்கிய காற்று, ஹெட் கேஸ்கெட் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

எப்படிச் சூடேறியிருந்தாலும் ரேடியேட்டரைக் கழுவாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தெர்மோஸ்டாட், மூடி இரண்டையும் மாற்றிய பிறகும் சூடு குறையவில்லை என்று ஒரு வண்டி என்னிடம் வந்தது. முன்பக்கம் பளபளவென்று இருந்த அதன் ரேடியேட்டருக்குப் பின்னால், ஃபேன் கூட்டுக்குள், காய்ந்த களிமண் ஒரு செங்கல்லைப் போல இறுகிக் கிடந்தது. முன்னால் தண்ணீர் அடித்துவிட்டு முடிந்தது என்று எண்ணுவதால் வரும் கோளாறு இது. ஃபேனைக் கழற்றிவிட்டு, சேறு ஊறும்படி நனைத்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வரும் திசைக்கு எதிராக, சாதாரணக் குழாய் அழுத்தத்தில் தண்ணீரை விடுங்கள். வாகனம் கழுவும் பிரஷர் பம்பை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்றுப் பாதை அடைபட்டுப் போகும். கடைசியாக ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். எல்லா இடத்திலும் வெளிச்சம் தெரிந்தால்தான் கழுவியதாக அர்த்தம்.

அடுத்தது கூலண்ட். ரிசர்வ் பாட்டிலில் அளவு சரியாக இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது, மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் பாட்டில் நிறைந்திருக்கும்போதே ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆகவே ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து நேரடியாகவே பாருங்கள். குறைந்திருந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு, குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரைக் கூலண்டுடன் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும். அது அவற்றைக் கொல்லும் நஞ்சு என்பதால் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

ஊற்றிய பின் காற்றை வெளியேற்றுவது, தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறவிடும் வேலை. வண்டியின் முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி, காற்று வெளியேறும் திருகு இருந்தால் அதைச் சற்றுத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலண்ட் வழியும்வரை ஹோஸ்களை மெல்ல அமுக்கிவிடுங்கள். பிறகு மூடியைப் போட்டு இன்ஜினை ஃபேன் ஓடும்வரை ஓடவிட்டு, முழுவதும் ஆறியபின் அளவை மீண்டும் பாருங்கள்.

ஃபேன் ஓடவில்லையென்றால் முதலில் ஃபியூஸ். அது சரியாக இருந்தால் ஃபேனின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுங்கள். ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு ரிலேயிலோ சென்சாரிலோ வயரிலோ இருக்கிறது. ஓடும்போது ரேடியேட்டரின் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொள்ளாமல் பறந்தால் வயர் மாறிப் போய் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால், பெரும்பாலானவை 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். தண்ணீர் கொதித்த பிறகும் திறக்காதது கெட்டுப்போனது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கூலண்ட் சொட்டினால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள், அந்தத் துளையைப் பசை வைத்து அடைக்கக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறினால், கடும் ஏற்றத்திலும் சேற்றிலும் ஹை கியரிலேயே ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். இன்ஜின் விசையைப் பெல்ட் வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் வண்டிகளில் அப்படி ஓட்டினால் இன்ஜினும் பெல்ட்டும் சேர்ந்தே வேகும். அங்கே லோ கியர்தான் சரி. அதன் பிறகும் தீரவில்லையென்றால், ஆறிய இன்ஜினை மூடி திறந்த நிலையில் கிளப்பி, ரேடியேட்டர் வாயில் இடைவிடாது குமிழி வருகிறதா, ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் என்று கொண்டு, இன்ஜினை மறுபடி கிளப்பாமல் வண்டியை ஏற்றிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடுங்கள். அதுவரை சரிபார்த்தவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் அதே வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருக்காது.