மூன்று பேர் சேர்ந்து நாடகம் எழுதும்போது

"முதல் காட்சி நீ, ரெண்டாவது நான், மூணாவது அவன்." பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பங்கு பிரித்துத்தான் ஆரம்பித்தோம். மூன்று வாரம் கழித்துப் படித்தால், ஒரே அம்மா முதல் காட்சியில் தஞ்சாவூர்த் தமிழ், அடுத்ததில் நெல்லைத் தமிழ், மூன்றாவதில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று பெங்களூர்த் தமிழ். வீட்டை விற்கக் கூடாதென்று அழுதவள், அடுத்த காட்சியில் புரோக்கருக்குக் காபி கொடுக்கிறாள்.

காட்சியைப் பிரிக்காதீர்கள். யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார், கடைசியில் யார் எதை இழக்கிறார்? மூன்று பேரும் இதற்கு ஒரே பதில் சொல்லும்வரை ஒரு வரி வசனம்கூட வேண்டாம். அப்புறம் பாத்திரங்களைப் பிரித்துக்கொள்ளலாம்; அம்மா பேசுவதெல்லாம் ஒருவர் கை.

அடுத்தது, பழைய கதையை வசனத்தில் திணிப்பது. தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் யார் வருகிறார் என்று நேராக நம்மிடமே சொல்லிவிடுவான், அது நேர்மை. நம் நாடகத்திலோ, "நமக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாச்சு" என்று கணவன் மனைவிக்கே செய்தி சொல்கிறான். பாவம், அவளுக்குத் தெரியாதா?

ஜனங்கள் வந்து உட்காரும்வரை என்று முதல் பத்து நிமிஷத்தைத் துணுக்கால் ஒப்பேற்றும் சபா பழக்கமும் இங்கே செல்லாது. ஜே.பி. நகரில் 2004-இல் திறந்த ரங்க சங்கரா நாடக அரங்கில் ஏழரை என்றால் ஏழரை. தாமதமாக வந்தவருக்குக் கதவு திறக்காது. விளக்கு வரும்போதே சிக்கல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒன்பது காட்சி, ஐந்து இடம். சீரியல் பார்த்த தோஷம். ஒவ்வொரு இருட்டிலும் சோபா நகர்த்தும் சத்தம்தான் கேட்கும் என்று ஒரே கூடத்துக்குள் அடைத்தோம்.

யார் பெயர் முதலில், வேறு குழு கேட்டால் அனுமதி தருவது யார் என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். பிறகு பேசினால் சண்டைதான்.

எழுதியவரே வாசித்துக் காட்டுவதும் தவறு. குரலால் ஓட்டைகளை அடைத்துவிடுவார். வேறொருவர் வாசிக்கட்டும், எழுதியவர் வாய் திறக்காமல் கேட்கட்டும். அம்மாவின் இரண்டு பக்கப் புலம்பலை நண்பரின் மனைவி வாசித்தார். பாதியில் மூச்சு வாங்கி நிமிர்ந்து, "இவ்வளவு பேசுவாளா? சாவி எங்கேன்னு கேட்டுட்டு உள்ளே போயிடுவா" என்றார்.

இப்போது அந்த இடத்தில் இருப்பது, "சாவி எங்கே?"